பொறியியல் படிப்பில் ஒழுக்கநெறிப் பாடம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் பீடங்களில் ஒழுக்கநெறி என்று ஒரு பாடம் உண்டு. சில இடங்களில் அது தனிப் பாடம், சில இடங்களில் முகாமைத்துவப் பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் சில வாரங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, பேராதனை, மொறட்டுவைப் பக்கமோ படித்துக்கொண்டு லீவுக்கு வீடு வரும் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டால் முதலில் ஒரு சிரிப்புத்தான் வரும். நான் ஒரு சிவில் பொறியியலாளர். இந்தப் பாடத்துக்கு வருகை விரிவுரையாளராகப் போய்வருகிறேன், மாணவர்களின் பின்னூட்டப் படிவங்களையும் வாசிக்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் புதிதாக இந்தப் பாடத்தை எடுக்கும் விரிவுரையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தப் பாடம் ஏன் இருக்கிறது? யாரோ பொழுது போகாமல் போட்டதா?

வொஷிங்டன் உடன்படிக்கை என்று 1989இல் தொடங்கிய ஒரு சர்வதேச ஏற்பாடு இருக்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் அதில் முழு உறுப்பினரானது. பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகைமைகள் என்று அந்த உடன்படிக்கை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2021இல் திருத்திய பட்டியலில் 11 தகைமைகள், அவற்றில் ஒன்று ஒழுக்கநெறி. நாளைக்கு அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போகும் யோசனை இருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியல் நேரடியாகவே முக்கியம்.

தரச்சான்றுக் குழு வந்தால் "இந்தத் தகைமையைப் படிப்பித்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். ஆகவே கோப்பு தேவைப்படுகிறது, கோப்புக்காக ஒரு பாடம் தேவைப்படுகிறது. இப்படி வந்த பாடத்தை மாணவர்கள் முதல் கிழமையிலேயே மணந்து பிடித்துவிடுவார்கள். திருப்தியின்மையின் வேரில் பாதி இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

உள்நாட்டிலும் காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பொறியியல் பேரவையை உருவாக்கியது. பொறியியல் தொழில் செய்பவர்கள் அதில் பதிய வேண்டும். தொழிலுக்குப் பதிவு வந்துவிட்டால் தொழில் ஒழுக்கமும் கூடவே வரும்.

மாணவர்களுக்கு இதில் திருப்தி இருக்கிறதா இல்லையா? ஒரு சொல்லில் சொல்லுங்கோ.

ஒரு சொல்லில் முடியாது. "ஒழுக்கநெறி பொறியியலாளருக்குத் தேவையா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் ஓம் என்பார்கள். "உங்களுக்கு நடந்த பாடம் பிரயோசனமா?" என்று கேட்டால் முகம் மாறும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுச் சராசரி எடுத்தால் "பரவாயில்லை" என்ற ஓர் இலக்கம் வரும். அந்த இலக்கத்தில் இரண்டு செய்தியுமே காணாமல் போய்விடும்.

அமெரிக்காவில் 18 உயர்கல்வி நிறுவனங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. விரிவுரையாளர்களைக் கேட்டால், சிக்கலான, இரண்டு பக்கமும் நியாயமுள்ள விசயங்களைத்தான் படிப்பிக்கிறோம் என்றார்கள். அதே இடங்களில் மாணவர்களைக் கேட்டால், இது சரி, அது பிழை என்று கறுப்பு வெள்ளையாகச் சட்டங்களைச் சொல்லித் தந்தார்கள் என்றார்கள். ஒரே வகுப்பு, இரண்டு கதை. நம் ஊரிலும் இதே இடைவெளிதான். விரிவுரையாளர் விவாதம் நடத்தியதாக நினைத்துக்கொண்டு போவார். பிள்ளைகளின் கொப்பியில் ஒழுக்கக் கோவையின் (தொழில் நடத்தை விதிகளின் தொகுப்பு) வாசகங்கள் இலக்கமிட்டு எழுதியிருக்கும்.

படிவத்தில் 5க்கு 4 வந்தால் பாடம் நன்றாக நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

அப்படி எடுத்துக்கொள்ள ஆசைதான். 1 முதல் 5 வரை குறிக்கும் இந்த முறையை ரென்சிஸ் லிக்கேர்ட் என்ற உளவியலாளர் 1932இல் அறிமுகப்படுத்தியது மனப்பாங்கை அளக்க. ஒருவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதை அது சொல்லாது.

சொல்லாது என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல் போலத் தீர்மானிக்கப்படும். அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஒரே ஆசிரியரிடம் சேரும் சிக்கல் அங்கே இல்லை. அங்கிருந்து 2010இல் வந்த ஆய்வில், மாணவர்கள் உயர்வாகப் புள்ளியிட்ட ஆசிரியர்களின் வகுப்பு அந்தப் பாடத்தின் பரீட்சையில் நன்றாகச் செய்தது. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மேற்பாடங்களில் அதே வகுப்புப் பின்தங்கியது. 2019இல் ஹார்வர்டில் பௌதிகவியல் வகுப்பில் இன்னொரு சோதனை. தாங்களே முட்டி மோதிக் கணக்குச் செய்த மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். அழகான விரிவுரையைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்களுக்கு நேர்மாறு.

ஒழுக்கநெறிப் பாடத்துக்கு இது இன்னும் பொருந்தும். நல்ல வகுப்பு என்றால் பிள்ளை கொஞ்சம் குழம்பிப் போக வேண்டும். "சேர், கடைசியில விடை என்ன?" என்று கேட்டு, ஒற்றை விடை கிடைக்காமல் வெளியே போகிறவர் அன்றைக்குப் படிவத்தில் 5 போடமாட்டார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "எனக்குக் குறைந்த புள்ளி வந்தால் நான் ஆழமாகப் படிப்பிக்கிறேன் என்று அர்த்தம்" என்று சொல்லும் விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள். அது வெறும் சாட்டு. சலிப்பான வகுப்புக்கும் குறைந்த புள்ளிதான் வரும். எது எதனால் வந்தது என்று அறியப் படிவத்தின் கடைசியில் இருக்கும் வெற்றுப் பெட்டியில் பிள்ளைகள் எழுதுவதை வாசிக்க வேண்டும். சராசரி எடுக்கிற அவசரத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை.

அந்தப் பெட்டியில் என்னதான் எழுதுகிறார்கள்?

அதிகம் வருவது, "எல்லா உதாரணமும் வெளிநாடு." அடுத்தது, "பாடமாக்கி எழுதினால் ஏ வரும், பிறகேன் விளங்க வேண்டும்?" இறுதி வருடத்தில், ஆய்வுத் திட்டமும் வேலை தேடலும் கழுத்தை நெரிக்கும் அரையாண்டில் இதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது இன்னொன்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்பதும் உண்டு, அது நியாயமான முறைப்பாடு என்று நானும் கையெழுத்து வைப்பேன்.

"எங்களை நல்லவர்களாக்கப் பார்க்கிறார்கள், நாங்கள் என்ன கெட்டவர்களா?" என்று ஒரு கோபமும் அவ்வப்போது வரும். அதை நான் மதிக்கிறேன். உபதேசம் கேட்கிற வயது அல்ல அது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் போய் பொய் சொல்லாதே என்று நாற்பது ஸ்லைட் காட்டினால் வேறென்ன வரும்?

சலஞ்சர் விண்கலக் கதையை விட்டுவிடலாமா? கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

விடத் தேவையில்லை. 1986 ஜனவரி 28ஆம் திகதி அந்த அமெரிக்க விண்கலம் ஏவிய சிறிது நேரத்தில் சிதறி 7 பேர் இறந்தார்கள். முந்தின இரவே, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று உந்துகணை செய்த கம்பனியின் பொறியியலாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். "எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மனேஜர் தொப்பியைப் போடு" என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மேலதிகாரி ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது விசாரணைப் பதிவில் இருக்கிறது. அதைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பிரச்சினை, அது மட்டும் இருப்பது. கான்சாஸ் நகர விடுதியில் 1981இல் தொங்கு நடைபாதை விழுந்து 114 பேர் இறந்த கதை, போக்ஸ்வாகன் கார்கள் புகைப் பரிசோதனை நடப்பதைக் கண்டுபிடித்து நல்ல பிள்ளையாக நடித்ததாக 2015இல் வெளிவந்த கதை என்று எல்லாம் பெரிய நாட்டில், பெரிய கம்பனியில், பெரிய விபத்தில் முடிகிறது. நெல்லியடியில் வீடு கட்டப் போகிற பிள்ளை, இது என் வாழ்க்கையில் வராது என்று நினைத்துவிடும். வரப்போவது வேறு மாதிரி.

அப்படியென்றால் இங்கே என்ன உதாரணம் இருக்கிறது?

எவ்வளவோ. சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு பரப்புக் காணி. வீட்டுக்காரர் மலசலகூடக் குழியைப் பின்மதிலோடு ஒட்டி வைக்கச் சொல்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுக் கிணறு. பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் அந்தக் கிணற்றைக் காட்டாமல் விட்டால் காரியம் முடிந்துவிடும். "எல்லாரும் இப்பிடித்தான் தம்பி செய்யினம்" என்கிறார். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, நிலத்தடி நீர்தான் உயிர். அந்த நீர் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது. மணல் போல அது அழுக்கை மெதுவாக வடித்து அனுப்பாது. ஆகவே விதியில் சொன்ன தூரத்தைக் காட்டினாலும் போதுமா என்பது அடுத்த கேள்வி. இந்த ஒரு வீட்டை வைத்து இரண்டு மணித்தியாலம் வகுப்பு நடத்தலாம். நடத்தியிருக்கிறேன், யாரும் தூங்கவில்லை.

அடுத்தது சுன்னாகம். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்துவிட்டது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், மின் நிலையத்தை நடத்திய கம்பனி 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவானது. மாணவர்கள் இதில் முதலில் கம்பனியைத் திட்டித் தீர்ப்பார்கள், அது இலகு. அதற்குப் பிறகுதான் வகுப்பே தொடங்குகிறது. அந்த நாட்களில் தண்ணீரைப் பற்றி வந்த ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மாதிரி எடுத்தவர், ஆய்வுகூடத்தில் அளந்தவர், அறிக்கையில் "பாதுகாப்பானது" என்ற சொல்லைப் போடலாமா என்று யோசித்தவர் எல்லாரும் எங்களைப் போலப் படித்தவர்கள். அளவுக்கருவி எவ்வளவு சின்ன அளவைக் கண்டுபிடிக்கும், எத்தனை கிணறு பார்த்தோம், எந்த மாதத்தில் பார்த்தோம் என்ற தொழில்நுட்பக் கேள்வியெல்லாம் அங்கே ஒழுக்கநெறிக் கேள்வியாக மாறுகிறது. "பாதுகாப்பில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று எழுதுவதும் "பாதுகாப்பானது" என்று எழுதுவதும் ஒன்றா? பவுசர் தண்ணீரை நம்பி இருக்கும் ஒரு தாய்க்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

மூன்றாவது இரணைமடு. அறிவியல் நகரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம், ஆனால் பாடத்தில் வராது. குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு திட்டம் போட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள், எங்கள் வயலுக்கே காணாது என்று எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், மிஞ்சும் உப்புச் செறிந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகும், அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதில் வில்லன் யாரும் இல்லை. தாகம், வயல், கடல் மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. செலவையும் பயனையும் யார் தலையில் எப்படிப் பங்கிடுவது என்பதைப் பொறியியலாளர் வரைபடத்தில் கோடு போடும்போதே பாதி தீர்மானித்துவிடுகிறார்.

மன்னார்க் காற்றாலைகளும் உண்டு. இலங்கை மின்சார சபை அமைத்த 100 மெகாவாட் நிலையம், வலசைப் பறவைகளின் பாதை, தீவு மக்களின் எதிர்ப்பு, 2025இல் ஓர் இந்திய நிறுவனம் தன் திட்டத்திலிருந்து விலகியது. மின்பொறியியல் பிள்ளைகளுக்கு அது நல்ல தீனி.

இதெல்லாம் வகுப்பில் எடுத்தால் அரசியலாகிவிடாதா?

கொஞ்சம் ஆகும். சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் வகுப்பில் வாய் திறக்க எல்லாரும் தயங்குவார்கள், விரிவுரையாளர் உட்பட. அதனால்தான் சலஞ்சர் வசதியாக இருக்கிறது.

இரணைமடுவை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அது இனப் பிரச்சினை அல்ல. இரண்டு பக்கமும் தமிழ்ச் சனம். "அவர்கள், நாங்கள்" என்று பிரித்துத் தப்ப யாருக்கும் வழியில்லை. கிளிநொச்சிப் பிள்ளையும் நல்லூர்ப் பிள்ளையும் முட்டிக்கொள்வார்கள், காலியிலிருந்து வந்த பிள்ளை நடுவில் நின்று கேட்கும் கேள்விதான் பல தடவை நல்ல கேள்வியாக இருக்கும். தகவலுக்குப் பத்திரிகைச் செய்தியை நம்பத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்டு எடுக்கலாம். கேட்கப் பழகுவதே ஒரு பயிற்சிதான்.

ஆங்கிலத்தில் விவாதிப்பது கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் பேசாமல் இருக்கிறோம். இதை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா?

எடுப்பது குறைவு. உயர்தரம் வரை இணைந்த கணிதமும் பௌதிகவியலும் தமிழில் படித்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் கணக்குச் செய்வது பெரிய சுமை அல்ல. சமன்பாடு எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஒழுக்கநெறியில் சமன்பாடு இல்லை. "ஓம், ஆனால்..." என்று தொடங்கும் வசனங்கள்தான் அங்கே எல்லாம். அவற்றை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாதவர் தனக்குக் கருத்தே இல்லை என்று நடிப்பார். விரிவுரையாளர் அதை "ஆர்வமில்லை" என்று குறித்துக்கொள்வார்.

வழி எளிது. நான்கைந்து பேராகப் பிரித்து, விரும்பிய மொழியில் சண்டை பிடிக்க விட்டு, முடிவை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் போதும். சத்தம் கூடும், பரவாயில்லை. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நடக்கும் குப்பி வகுப்புகளில் பிள்ளைகள் தங்களுக்குள் செய்வது இதைத்தானே. அங்கே விளங்குவது விரிவுரை மண்டபத்தில் விளங்காமல் போவதற்கு மொழி ஒரு பெரிய காரணம்.

கம்பஸில் ராகிங் நடக்கிறது. அதற்குள் இருந்துகொண்டு என்ன ஒழுக்கநெறி?

சரியான கேள்வி. ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1998இல் வந்தது, 20ஆம் இலக்கம். சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. ஜூனியரை முழங்காலில் நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு போன அதே சீனியர், பின்னேரம் "கண்டால் முறையிட வேண்டும்" என்று விடை எழுதுகிறார். ஆய்வுகூட அறிக்கை பட்ச் பட்சாகக் கைமாறுகிறது. மாணவரின் ஆய்வுத் திட்டம் விரிவுரையாளரின் கட்டுரையாகும்போது மாணவரின் பெயர் விடுபடுவதும் உண்டு, பிள்ளைகள் அதையும் பார்க்கிறார்கள்.

இவற்றை வகுப்புக்குள் கொண்டுவராத பாடத்துக்கு மரியாதை வராது. கொண்டுவருவது சங்கடம். ஆனால் சலஞ்சர் இரவில் பொறியியலாளர்கள் பட்ட சங்கடம் என்ன என்று விளங்க, தன் பட்சை எதிர்த்து ஒரு சொல் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசிப்பதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தனிப் பாடமாக வைப்பது நல்லதா, எல்லாப் பாடத்துக்குள்ளும் கலப்பது நல்லதா?

இரண்டும் வேண்டும். கலந்தால் மட்டும் போதும் என்று விட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் அத்திவாரம் படிப்பிக்கிறவர் மண் பரிசோதனை அறிக்கையைத் திருத்தச் சொல்லும் கொந்தராத்துக்காரரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால், தனிப் பாடத்தின் பத்து விரிவுரைக்குச் சமன்.

வருடம் போகப் போக மாணவர்களின் அக்கறை குறைகிறது என்கிறார்களே, உண்மையா?

அமெரிக்காவில் எரின் செக் என்ற சமூகவியலாளர் நான்கு கல்வி நிறுவனங்களின் பொறியியல் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014இல் எழுதியது அதைத்தான் சொல்கிறது. படிக்க வரும்போது பொதுமக்களின் நலன் பற்றி இருந்த அக்கறை, படித்து முடிக்கும்போது குறைந்திருந்தது. மனித விசயங்கள் "உண்மையான பொறியியல்" அல்ல என்று பீடத்தின் சூழலே சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

இங்கே எங்களிடம் அப்படித் தொடர்ந்து கவனிக்கும் பழக்கம் இல்லை. ஒரு பாடம் முடிந்ததும் ஒரு படிவம், அவ்வளவுதான். ஆனால் முதல் வருடத்தில் "எங்கட ஊருக்கு ஏதும் செய்ய வேணும்" என்று வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். நான்காம் வருடத்தில் அவர்களே அந்தக் கதையைச் சொல்ல வெட்கப்படுவதையும் பார்க்கிறேன். குடும்பக் கடன், வெளிநாட்டு ஆசை எல்லாம் அதில் சேரும். முழுப் பழியையும் பீடத்தின் மேல் போட முடியாது.

நாங்கள் பிள்ளையை ஒழுக்கமாகத்தான் வளர்த்தோம். கம்பஸில் வேறு சொல்லிக் கொடுக்க வேண்டுமா? (ஒரு தந்தை கேட்டது)

ஐயா, வளர்ப்பு தேவை. ஆனால் 2018இலும் 2019இலும் இரண்டு போயிங் 737 மக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்களே, அதில் மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரேயொரு உணரியின் அளவை நம்பி இயங்கியது. அந்த வடிவமைப்பைச் செய்தவர்களும் நல்ல வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஓர் உணரி போதுமா, அதைப் பற்றி விமானிக்குச் சொல்ல வேண்டுமா என்பதை வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது.

பரீட்சை எப்படி இருந்தால் நியாயம்?

ஒழுக்கக் கோவையை எழுது என்று கேட்கக் கூடாது. ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, கோவையை விடைத்தாளோடு இணைத்தும் கொடுத்துவிட வேண்டும். யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், உங்களுக்குத் தெரியாத தகவல் என்ன, முதலில் யாரிடம் போவீர்கள், அவர் மறுத்தால் என்ன, உங்கள் முடிவுக்கு எதிரான வலுவான வாதம் எது? கடைசிக் கேள்விக்கு அதிக புள்ளி. திருத்துவதற்கு நேரம் எடுக்கும் என்று விரிவுரையாளர்கள் முனகுவார்கள். எடுக்கத்தான் செய்யும்.

தொழிற்பயிற்சிக் காலத்தில் ஒரு தவறைக் கண்டேன். என்ன செய்வது?

முதலில், அது தவறுதானா என்று உறுதிப்படுத்துங்கள். கொன்கிறீற் கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஸ்லம்ப் சோதனை (கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்ப்பது) முடிவைப் பாருங்கள், வரைபடத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று பாருங்கள். திகதியோடு உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கண்டதை மட்டும் எழுதுங்கள், குற்றச்சாட்டு எழுத வேண்டாம். பிறகு தளப் பொறியியலாளரிடம் "இது ஏன் இப்படி?" என்று கேள்வியாகக் கேளுங்கள். பாதி விசயம் அங்கேயே தீரும். தீராவிட்டால் பீடத்தில் உங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் போங்கள். உயிராபத்து என்றால் இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

வீடியோ எடுத்து முகநூலில் போடுவது கடைசி வழி கூட அல்ல. இலஞ்சம் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் கொடுப்பவர்களின் பாதுகாப்பைப் பற்றியும் பேசுகிறது. நடைமுறையில் பயிற்சி மாணவர்தான் அந்த இடத்திலேயே பலவீனமானவர் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் தனியே முடிவெடுக்காமல் பீடத்தை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

படிவத்தில் உண்மையை எழுதினால் யார் எழுதியது என்று தெரிந்துவிடுமா?

சின்னத் துறை, கையெழுத்துப் படிவம் என்றால் தெரியலாம். இணையவழிப் படிவம், பெறுபேறு வெளிவந்த பிறகே விரிவுரையாளருக்குக் காட்டுவது என்ற இரண்டையும் மாணவர் பிரதிநிதி மூலமாகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

என்ன எழுதினால் பிரயோசனம்?

"போர் அடிக்குது" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தக் கிழமை, எந்த உதாரணம், ஏன் விளங்கவில்லை என்று எழுதுங்கள். உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு விவகாரத்தைப் படிப்பிக்கலாம் என்று எழுதினால் அடுத்த பட்சுக்கு அது பாடமாக வரக்கூடும். மன்னாரைப் பற்றி என் வகுப்பில் வருவது அப்படி ஒரு படிவத்திலிருந்து வந்ததுதான்.

நான் புதிதாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். திருப்தியை எப்படி, எப்போது அளப்பது?

அரையாண்டு முடிவில் வரும் உத்தியோகபூர்வப் படிவம் அதன் பாட்டில் நடக்கட்டும். நீங்கள் நடுவில் ஒரு தடவை, ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எது உதவியது, எது நேர விரயம். நடுவில் கேட்டால் கேட்டவர்களுக்கே அதன் பலன் கிடைக்கும். முடிவில் கேட்டால் அடுத்த பட்சுக்குத்தான்.

திருப்தியையும் கற்றலையும் தனித்தனியே அளந்து பக்கத்தில் வையுங்கள். கற்றலுக்கு, முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் ஒரே சூழ்நிலையைக் கொடுத்து விடை எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள். ஒழுக்கத் தீர்ப்பை அளக்க ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய சோதனையும், அதன் வழியில் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்று 2010இல் வந்த சோதனையும் இருக்கின்றன. ஆனால் அவை அமெரிக்கச் சூழலுக்கு எழுதப்பட்டவை, அப்படியே தூக்கி வைக்காதீர்கள். திருப்தி குறைந்து கற்றல் கூடியிருந்தால் விளக்கம் சொல்லலாம். திருப்தி கூடிக் கற்றல் அசையவே இல்லை என்றால் நீங்கள் நல்ல கதைசொல்லி, அவ்வளவுதான்.

அதன் பிறகு, தொழிற்பயிற்சி முடிந்து வந்ததும் இன்னொரு தடவை கேளுங்கள். தளத்தில் ஒரு மழைக்காலம் நின்றுவிட்டு வந்த பிள்ளை அதே பாடத்தைப் பற்றிச் சொல்வது வேறாக இருக்கும். "அந்தக் குழிக் கதை உண்மையிலேயே வந்தது சேர், நான் வரைபடத்தில் கிணற்றைப் போட்டேன், அவர் வேறு ஆளிடம் போய்விட்டார்" என்று ஒரு பையன் வந்து சொன்னான். அந்த அரையாண்டின் படிவத்தில் எனக்கு வந்திருந்த சராசரி 5க்கு 3ஐச் சுற்றித்தான்.